ஓரத்து எழுத்தையும் சிவப்பு முத்திரையையும் வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளிலும் கலைப் பக்கங்களிலும் சீன மையோவியங்கள் அவ்வப்போது இடம்பெறுகின்றன. ஒரு மூங்கில் கொத்து, ஒரு பாறை, தொலைவில் மலை. பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால் அவை அச்சேறும் விதத்தில் ஒரு குறை தொடர்ந்து வருகிறது. படத்தின் மேல் மூலையில் இருந்த எழுத்து வரிகள் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று வெட்டப்படுகின்றன. ஓரத்துச் சிவப்பு முத்திரைகளும் அதோடு போய்விடுகின்றன. பழுப்பேறிய தாளைக் கணினியில் வெளுக்கவைப்பதில் நடுச்சாம்பல் எல்லாம் கரைந்து, கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சுகின்றன. அடியில் "மூங்கில் நேர்மையின் சின்னம்" என்று ஒற்றை வரி. ஓவியத்தின் உயிர் எதில் இருக்கிறதோ அது வாசகர் கைக்கு வந்து சேருவதே இல்லை.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த ஓவியங்களை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துவிட்டால், எதில் கத்தரி படக் கூடாது என்பதும் தானாகத் தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம் சற்று நீள்கிறது.

இவற்றை வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். பழைய நூல்களைக் கரைத்துக் குடித்து, அரசுப் பணித்தேர்வு எழுதி, ஏதோ ஒரு மாவட்டத்திலோ தலைநகரிலோ அதிகாரியாக இருந்தவர்கள். அல்லது அப்படி இருக்க மறுத்தவர்கள். எழுதப் பழகிய நாளிலிருந்தே அவர்கள் கையில் தூரிகைதான். கடிதம், மனு, கவிதை எல்லாமே தூரிகையில். ஓவியம் வரையவும் அதே தூரிகை, அதே மை, அதே மேசை. சோங் அரச காலத்தில் (960–1279) இந்த வட்டத்துக்கு ஒரு குரல் கொடுத்தவர் கவிஞரும் அதிகாரியுமான சு ஷி (1037–1101). உருவ ஒற்றுமையை வைத்து ஓவியத்தை எடைபோடுபவரின் அறிவு குழந்தையின் அறிவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது என்று அவர் பாடினார். அவருக்குப் பின் வந்த ஜாவ் மெங்ஃபூ (1254–1322) பாறையும் மரமும் மூங்கிலும் வரைந்த ஒரு சுருளின் முடிவில் தம் கைப்படவே இன்னும் வெளிப்படையாக எழுதிவைத்தார்: பாறையை உலர்தூரிகை எழுத்தைப் போலவும், மரத்தைப் பழைய முத்திரை எழுத்தை (முத்திரைகளில் செதுக்கும் பழைய எழுத்துவடிவை) போலவும் இழுக்க வேண்டும், மூங்கிலுக்கு எழுத்துக்கலையின் எட்டு அடிப்படைக் கோடுகளும் கைவர வேண்டும், இதை உணர்ந்தவருக்கு எழுத்தும் ஓவியமும் வேரில் ஒன்றே என்பது புரியும். அந்தச் சுருள் இன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைந்தவரே இப்படிச் சொல்லியிருக்க, எழுத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் போடுவது எப்படிச் சரியாகும்?

அடுத்து, சின்னங்கள். பிளம், ஆர்க்கிட், மூங்கில், சாமந்தி ஆகிய நான்கையும் "நான்கு சான்றோர்" என்பார்கள். பைன், மூங்கில், பிளம் மூன்றும் "குளிர்காலத்து மூன்று நண்பர்கள்". ஒவ்வொன்றுக்கும் ஒரு குணத்தை எழுதிப் பட்டியல் போடுவது எளிது. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அது பொய் அல்ல, போதாது. சங்கப் பாடலில் குறிஞ்சிப் பூவோ கழிக்கரை நாரையோ வந்தால் "பூ என்றால் இது, நாரை என்றால் அது" என்று நாம் அகராதி பார்ப்பதில்லை. யார் சொல்கிறார், எந்த நிலையில் சொல்கிறார் என்று பார்த்தே உள்ளுறையைப் பிடிக்கிறோம். சீன அறிஞர் ஓவியத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

ஆர்க்கிட்டையே எடுத்துக்கொள்வோம். இங்கே ஆர்க்கிட் என்பது பூக்கடையில் கிடைக்கும் பெரிய ஊதாப் பூ அல்ல. புல்லைப் போல் நீண்ட ஒடுங்கிய இலைகளும், கண்ணுக்கு எளிதில் படாத சிறு பூவும், கூர்மையான மணமும் உள்ள காட்டுச் செடி. ஆளில்லாத காட்டிலும் மணம் குறையாமல் பூப்பதால், அங்கீகாரம் கிடைக்காத சான்றோனுக்கு அது உருவகமாயிற்று. இதுவரை பட்டியலில் உள்ள பொருள்தான். ஜெங் சிஷியாவ் (1241–1318) அதை என்ன செய்தார் என்று பாருங்கள். அவருடைய சோங் அரசு 1279-இல் மங்கோலியரிடம் முற்றாக வீழ்ந்தது. அதன்பின் அவர் வரைந்த ஆர்க்கிட்டுகளுக்கு மண் கிடையாது. வேரோ தரைக்கோடோ இல்லாமல், சில இலைகளும் பூவும் வெறுந்தாளில் நிற்கும். ஏன் என்று கேட்டவர்களிடம், மண்ணை அந்நியர் பறித்துக்கொண்டது உங்களுக்குத் தெரியாதா என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். 1306-ஆம் ஆண்டுத் தேதியுடன் அவருடைய ஆர்க்கிட் சுருள் ஒன்று ஜப்பானில் ஒசாகா நகரக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. உயரம் சுமார் 26 செ.மீ. மட்டுமே. பட்டியலை வைத்துப் பார்த்தால் அது "எளிமையின் சின்னம்". வரைந்தவர் யார், எப்போது வரைந்தார் என்று தெரிந்து பார்த்தால், நாட்டை இழந்த ஒருவர் 27 ஆண்டுகள் கழித்தும் விட்டுக்கொடுக்காத பிடிவாதம். அந்தத் தேதியும் பெயரும் ஓரத்து எழுத்தில்தான் இருக்கின்றன.

பிளம் பனிக்காலத்தின் கடைசியில், இலை துளிர்க்கும் முன்பே பூப்பது. வாங் மியன் (இறப்பு 1359) அதை வரைந்து, மேலே எழுதிய கவிதையில், நல்ல நிறம் என்று பிறர் மெச்ச வேண்டாம், தூய மணம் வானும் மண்ணும் நிறைந்தால் போதும் என்றார். வெளிறிய மையில் மட்டும் பூ வரைந்ததற்கான விளக்கமும் அதுதான், அவருடைய வாழ்க்கை நிலைப்பாடும் அதுதான். கவிதையை வெட்டினால் அங்கே நிறமில்லாத பூக்கிளை மட்டும் எஞ்சும். சாமந்தி, 405-இல் சிறு ஆட்சிப் பதவியை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பிய கவிஞர் தாவ் யுவான்மிங்கின் பூ. அதை வரைவது பணி துறப்பை நினைவூட்டுவது. மூங்கில் உள்ளே வெறுமை, அதாவது செருக்கின்மை. காற்றில் வளையும், ஒடியாது.

இனிப் பொருள்களுக்கு வருகிறேன். ஓவியத்தின் கவர்ச்சியில் பாதி இவற்றில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மை என்பது புகைக்கரியும் வஜ்ஜிரம் என்ற விலங்குப் பசையும். பைன் மரத்தை எரித்து எடுக்கும் கரி ஒரு வகை. துங் மர விதை எண்ணெய் முதலானவற்றை விளக்கில் எரித்து எடுக்கும் கரி இன்னொரு வகை. பைன் கரி பளபளப்பில்லாமல், வெளிறும்போது சற்று நீலம் காட்டும். எண்ணெய்க் கரி மினுங்கும். அதன் சாம்பல் சற்றே வெதுவெதுப்பான நிறம். கரியை வஜ்ஜிரத்தோடு பிசைந்து, இடித்து, அச்சில் அழுத்தி, மெல்ல உலர்த்திக் கட்டியாக்குவார்கள். 6-ஆம் நூற்றாண்டின் ஒரு வேளாண் நூல் 16 பங்கு கரிக்கு 5 பங்கு வஜ்ஜிரம் சேர்த்து 30,000 முறை இடிக்கச் சொல்கிறது. வஜ்ஜிரம் மிகுந்தால் மை தூரிகையில் ஒட்டி இழுக்கும், நடை மந்தமாகும். குறைந்தால் கரி தாளில் பிடிக்காது. விரல் பட்டாலே வரும்.

அரைப்பதிலும் கவனம் வேண்டும். மைக்கல்லின் தட்டையில் அரைத் தேக்கரண்டி குளிர்ந்த தண்ணீர், கட்டியை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தாமல், வட்டமாக. பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கட்டி போன தடம் உடனே மூடிக்கொள்ளாமல் நொடிநேரம் நின்றால் மை தயார். அவசரத்தில் அழுத்தித் தேய்த்தால் துகள் பெரிதாக உதிரும்; அடர்ந்த கறுப்பில் அது தெரியாது, தண்ணீர் கலந்து வெளிறச் செய்ததும் மணல் தூவியதுபோல் தெரியும். வேலை முடிந்ததும் கட்டியைக் கல்லின்மேலேயே வைத்துவிட்டால் வஜ்ஜிரம் இறுகி, பிரித்தெடுக்கும்போது கல்லின் மேற்பரப்பையும் பெயர்த்துவிடும். நேற்று அரைத்த மையை இன்று பயன்படுத்துவதும் வினைதான். வஜ்ஜிரம் அழுகத் தொடங்கியிருக்கும். வரையும்போது குறை தெரியாது. பின்னர் ஓவியத்தை ஈரமாக்கிக் கோதுமைப் பசையால் பின்தாள் ஒட்டும்போது மை கரைந்து சாம்பலாய்ப் பரவும். அதுவரை செய்த வேலை அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் பாழ்.

இந்த ஒரே மையிலிருந்து ஐந்து படிகள் வரவேண்டும்: கரிந்த கறுப்பு, அடர்த்தி, நடு, வெளிர், தண்ணீரோடு தண்ணீராய் நிற்கும் தெளிவு. மையே ஐந்து நிறங்களையும் தரும் என்று 9-ஆம் நூற்றாண்டிலேயே ஓவிய வரலாற்றாசிரியர் ஜாங் யென்யுவான் எழுதிவிட்டார். வண்ணம் கிடைக்காததால் கறுப்பில் வரைந்தார்கள் என்பது சரியல்ல. கல்நீலமும் செப்புப் பச்சையும் தாராளமாக இருந்த நாடு அது. எழுதும் மேசையில் இருந்த பொருளோடு நிற்பது என்பது அவர்கள் வேண்டுமென்றே தேர்ந்துகொண்டது. ஈரத்தில் சரியாகத் தெரியும் சாம்பல் உலர்ந்தபின் ஒரு படி வெளிறும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்து மை கலப்பதுதான் இதில் பழக்கம் கேட்கும் பகுதி. அச்சில் முதலில் தொலைவதும் இந்த நடுப்படிகளே.

தாள், அன்ஹுய் மாநிலத்தின் ஜிங் மாவட்டத்து ஷுவான் தாள். நீலச்சந்தனம் என்று அங்கே அழைக்கப்படும் மரத்தின் பட்டையும் நெல் வைக்கோலும் கலந்து கையால் வார்ப்பது. இதன் தயாரிப்பு முறை 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பட்டை கூடினால் தாள் உறுதி. படிகாரமும் பசையும் பூசிய தாளில் மை மேலே நிற்கும். நுணுக்க வேலைக்கு அது. பூசாத தாளைப் பச்சைத் தாள் என்பார்கள், நிறத்தால் அல்ல, பதப்படுத்தாததால். அது மையை உடனே உறிஞ்சும். ஒரு நொடி தூரிகை தயங்கினால் அந்த இடத்தில் குளம் கட்டும். இந்தப் பச்சைத் தாளில் இன்னொரு விந்தை உண்டு: முதலில் விழுந்த கோடே முன்னால் நிற்பதாகத் தோன்றும். அதன்மேல் பிறகு போடும் கோடு ஏற்கெனவே மை குடித்த இழைகளுக்குள் நுழையாமல் பின்னால் ஒதுங்கிவிடும். எனவே எது முன், எது பின் என்பதை வரைவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அடித்துத் திருத்த வழியில்லை. மேலே பூசினால் திருத்திய இடம் தழும்பாய்த் தெரியும். இந்தப் பச்சைத் தாள் ஓவியர்களிடையே பரவலானது மிங், சிங் அரச காலங்களில்தான் (1368–1912). அதற்கு முந்திய, மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தவர் கையாண்ட தாள்கள் இவ்வளவு உறிஞ்சாதவை. உலர்ந்த தூரிகையில் அவர்கள் அவ்வளவு மெல்லிய கோடுகளை இழுக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தூரிகைக்கு ஜெஜியாங்கின் ஹுஜோவ் பேர்போனது. ஆட்டு ரோமம் மென்மை, நிறைய நீர் பிடிக்கும். வீசல் என்ற கீரி போன்ற விலங்கின் வால்ரோமம் விறைப்பு, வளைந்ததும் நிமிரும். இரண்டும் கலந்தது மூங்கிலுக்குத் தோது.

வரையக் கடினமானவற்றில் ஒன்று மூங்கில். தண்டு, கணு, கிளை, இலை என நான்கே உறுப்புகள். எளிது என்று தோன்றும். யுவான் காலத்து அதிகாரி லி கான் (1245–1320) மூங்கிலுக்கென்றே எழுதிய கையேட்டில் சொல்வது: தண்டை நுனியிலிருந்து அடிவரை துண்டு துண்டாக வரைந்தாலும் தூரிகையின் எண்ணம் அறாமல் ஓட வேண்டும். நுனித் துண்டு குட்டை, கீழே வர வர நீளம், வேரருகில் மறுபடி குட்டை. தண்டின் இரு விளிம்பும் கோடு போட்டதுபோல் ஒழுங்காக இருந்தால்தான் உருண்டு தோன்றும். மூன்று தண்டுகளுக்கு மேல் போனால் முன்னால் நிற்பது அடர்த்தி, பின்னால் போகப் போக வெளிர். எல்லாம் ஒரே நிறமானால் எது முன், எது பின் என்று தெரியாது. கணுவில் மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் கவிந்திருக்க வேண்டும். மேல்கோட்டின் இரு முனைகளும் நிமிர்ந்து நடு தாழ்ந்து பிறை போல் இருந்தால் தண்டின் உருளை தானே வந்துவிடும்.

தண்டுக்குத் தூரிகையின் முனை கோட்டின் நடுவிலேயே ஓட வேண்டும். முத்திரை எழுத்தை எழுதுவதும் அப்படித்தான். முனை ஓரம் சாய்ந்தால் ஒரு விளிம்பு கூராகவும் மறு விளிம்பு பிசிறாகவும் வந்து தண்டு தட்டையான பட்டையாகிவிடும். துண்டின் தொடக்கத்தில் சிறிது அழுத்தி, இடையில் தளர்த்தி, முடிவில் மீண்டும் அழுத்தி நிறுத்த வேண்டும். துண்டுகளுக்கு நடுவே நூலிழை வெள்ளை விட வேண்டும். அந்த இடைவெளியில் அடர்த்த மையால் கணுக்கோடு போடுவதற்குத் தண்டு அரை ஈரமாய் இருக்கும் தருணம்தான் ஏற்றது. முழு ஈரத்தில் போட்டால் மை ஊறிப் பரவும். நன்றாக உலர்ந்தபின் போட்டால் ஒட்டவைத்ததுபோல் தனித்து நிற்கும்.

இலைக்கு லி கான் தரும் விதி, திடமாக அழுத்தி, வெறுமையாகத் தூக்கி, ஒரே வீச்சில் கடந்துவிடு என்பது. கொஞ்சம் தயங்கினாலும் இலை மழுங்கித் தடித்துவிடும். செய்யக்கூடாதவற்றையும் அடுக்குகிறார். தடித்தால் பீச் இலை போலாகும், மெலிந்தால் வில்லோ இலை போலாகும். ஒற்றையாய் நிற்கக் கூடாது, இணையாய் நிற்கக் கூடாது, கவை போல் பிரியக் கூடாது, கட்டம் போல் குறுக்கிடக் கூடாது, விரித்த கைவிரல் போலவும் தும்பி போலவும் ஆகக் கூடாது. புதிதாகப் பழகுபவரின் தாளைப் பார்த்தால் இந்த அத்தனை பிழைகளும் ஒரே கிளையில் வந்து உட்கார்ந்திருக்கும். காரணம் ஒன்றே: ஓர் இலையை வரைந்து முடித்துவிட்டு, அடுத்ததை எங்கே வைக்கலாம் என்று நின்று யோசிப்பது. சு ஷி தம் நண்பர் வென் துங் (1018–1079) மூங்கில் வரைந்த முறையை விவரிக்கும்போது இதற்குத்தான் மருந்து சொன்னார். முழு மூங்கில் முதலில் நெஞ்சில் நிற்க வேண்டும். கண்டதும் தூரிகையை எடுத்துத் துரத்த வேண்டும், முயல் துள்ளியதும் பருந்து பாய்வதுபோல. சற்றே தளர்ந்தாலும் அது போய்விடும். ஏழு நூற்றாண்டு கழித்து ஜெங் பான்சியாவ் என்ற யாங்ஜோவ் ஓவியர் இதற்கு ஒரு திருத்தம் சேர்த்தார்: கண்ணில் பட்ட மூங்கில் வேறு, நெஞ்சில் நின்ற மூங்கில் வேறு, கை வரைந்த மூங்கில் வேறு. இருவரும் சொல்வதும் உண்மை என்பதை ஒரு மாதம் மூங்கில் பழகியவர் எவரும் ஒப்புக்கொள்வார்.

ஆர்க்கிட்டுக்கு இலையே எல்லாம். முதல் இலை நீண்டு வளைந்து போகும். இரண்டாவது அதைக் குறுக்கே வெட்டி, இடையில் கண் வடிவில் ஓர் இடைவெளியை உண்டாக்கும். அதைப் "பீனிக்ஸ் கண்" என்பார்கள். மூன்றாவது அந்தக் கண்ணை உடைத்துக்கொண்டு போகும். ஒரே இலைக்குள் தூரிகை அழுந்தியும் எழும்பியும் போவதால் நடுவில் பருத்தும் முனையில் எலிவால் போல் ஒடுங்கியும் வரும். இலை காற்றில் திரும்புவது அந்தப் பருமன் மாற்றத்தில்தான் தெரியும். பூ வெளிறிய மையில் ஐந்து இதழ். அது உலர்வதற்குள் நடுவில் அடர்த்த மையில் மூன்று புள்ளி.

இவ்வளவையும் சொன்னது, பார்ப்பவருக்கு எது இன்பம் என்பதைச் சொல்வதற்காகத்தான். மை ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான். ஆகவே கோட்டைப் பார்த்தே தூரிகை எங்கே தொடங்கியது, எங்கே வேகம் பிடித்தது, எங்கே மை தீர்ந்து இழைகளுக்கிடையே தாள் வெள்ளையாய்த் தெரிந்தது, எங்கே மீண்டும் மை தொட்டது என்று வரிசைப்படி படிக்க முடியும். வரைந்த நேரம் முழுவதும் தாளிலேயே இருக்கிறது. கண்ணால் அந்தக் கையைப் பின்தொடர்வதுதான் இந்த ஓவியத்தைப் பார்ப்பது. பழகிவிட்டால் ஒரு சாண் அகலமுள்ள தாளின்முன் அரை மணி நேரம் போவதே தெரியாது.

வெற்றிடம் பற்றியும் சொல்ல வேண்டும். அதை எல்லாம் "ஜென் பௌத்த வெறுமை" என்று எழுதிவிடும் வழக்கம் இருக்கிறது. மிங் காலத்து விமர்சகர் தோங் சிச்சாங் (1555–1636) ஓவிய மரபை வடக்கு, தெற்கு என்று பிரித்தபோது பௌத்தத் தியானப் பிரிவுகளின் பெயரை இரவல் வாங்கியது உண்மை. ஆனால் வரைந்தவர்கள் பெரும்பாலும் கன்பூசியக் கல்வியில் ஊறியவர்கள். அவர்களுடைய வெற்றிடத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வேலை உண்டு. ஜெங் சிஷியாவ் விட்ட வெற்றிடம் இழந்த மண். நீ ஜான் (1301–1374) விட்டது வேறு. செல்வக் குடும்பத்தில் பிறந்து, கலவரக் காலத்தில் சொத்தைத் துறந்து, தாய்ஹு என்ற ஏரிப் பகுதியில் படகில் அலைந்தவர் அவர். 1372-இல் அவர் வரைந்த தொங்குசுருள் ஒன்று தைபெய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 74.7 செ.மீ. உயரம், 35.5 செ.மீ. அகலம். கீழே சில மரங்கள், ஆளில்லாத ஒரு கூரைமாடம், நடுவில் தொடாத தாள், மேலே தாழ்ந்த குன்றுகள். நடுவில் உள்ள அந்த வெள்ளைதான் ஏரி. ஒரு கோடு அலைகூட இல்லை. மேலும் கீழும் இருக்கும் கரைகளே அதைத் தண்ணீராக்குகின்றன. மேலே அவர் கையெழுத்து. வரைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1374-இல், அதை வைத்திருந்தவர் ஒரு மருத்துவருக்குப் பரிசளிக்க விரும்பித் திரும்பக் கொண்டுவந்தார் என்பதும், அதற்காக நீ ஜான் மேலும் எழுதிக் கொடுத்தார் என்பதும் அந்த எழுத்திலிருந்தே நமக்குத் தெரிகிறது. மேல்பகுதியை வெட்டிவிட்டால் இந்தச் செய்தி போகும். தாளின் எடைச்சமநிலையும் போகும். கீழே உள்ள அடர்ந்த மரங்களுக்கு ஈடாக மேலே நிற்பது அந்த எழுத்துக் கொத்துதான்.

ஒரே மூச்சில் வீசி முடிக்கப்படுவது என்ற நம்பிக்கைக்கும் ஒரு மறுப்பு உண்டு. ஹுவாங் குங்வாங் (1269–1354) ஃபூசுன் ஆற்றங்கரை மலைகளை வரைந்த கைச்சுருள் இந்த மரபின் சிகரம். முடிவில் 1350 தேதியிட்டு அவரே எழுதியிருக்கிறார்: தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியும் முடியவில்லை, மனம் வந்தபோதெல்லாம் சேர்த்துக்கொண்டே போனேன், யாராவது தந்திரமாய்ப் பறித்துக்கொள்வார்களோ என்று வூயோங் (சுருளைப் பெறவிருந்த தாவோ துறவி) அஞ்சுவதால், இது அவருக்கு உரியது என்று முடியும் முன்பே எழுதிவைக்கிறேன். எண்பதை ஒட்டிய வயது அவருக்கு. 1650-இல் இதை வைத்திருந்தவர் தம்மோடு எரிந்துபோகட்டும் என்று சாகும் தறுவாயில் தீயிலிட, உறவினர் ஒருவர் மீட்டார். சுருள் இரண்டாயிற்று. சுமார் 51 செ.மீ. நீளமுள்ள சிறுதுண்டு ஜெஜியாங் மாநில அருங்காட்சியகத்தில். 6 மீட்டர் 37 செ.மீ. நீளமுள்ள பெருந்துண்டு தைபெயில். 2011-இல் இரண்டும் தைபெயில் ஒன்றாகக் காட்டப்பட்டன. பேரரசர் சியன்லோங் போலிப் பிரதி ஒன்றை அசல் என்று நம்பி ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை அதில் எழுதித் தள்ளினார். 1746-இல் அசல் கைக்கு வந்தபோது அதைப் போலி என்று ஒதுக்கிவைத்தார். அதனால் அசலின் வெற்றிடங்கள் தப்பின!

முத்திரைகளின் வேலை இங்கே தெளிவாகும். சாதிலிங்கப் பொடி, ஆமணக்கெண்ணெய், மாசிபத்திரி இனச் செடியின் நார் மூன்றும் குழைத்த பசையில் தொட்டு ஒற்றுவது. எழுத்து சிவப்பாய் விழுவது புடைப்பு முத்திரை, வெள்ளையாய் விழுவது குழிவு முத்திரை. ஓவியர் பெயர், புனைபெயர், படிப்பறையின் பெயர் என்று பலவகை. பிற்காலத்தில் வாங்கியவர்களும் தத்தம் முத்திரையைச் சேர்த்தார்கள். அந்தச் சிவப்புச் சதுரங்கள் ஓவியம் கைமாறி வந்த வழியைக் காட்டும் பதிவேடு. போலியைப் பிடிக்கும் முதல் தடயமும் அவையே. கறுப்பும் சாம்பலும் மட்டுமே உள்ள தாளில் ஒரு விரல்நகம் அளவுச் சிவப்பு எந்த இடத்தில் விழ வேண்டும் என்பது ஓவியத்தின் கடைசி முடிவு. தவறான இடத்தில் ஒற்றினால் கண் அங்கேயே போய் மாட்டிக்கொள்ளும்.

இவர்கள் எல்லோரும் பணத்தைத் தீண்டாதவர்கள் என்று எழுதுவதும் மிகை. மேலே சொன்ன ஜெங் பான்சியாவ் ஷான்தோங்கில் மாவட்ட ஆட்சியராய் இருந்தவர். அலுவலக அறையில் மூங்கில் சலசலப்பைக் கேட்கும்போது மக்களின் துன்பக் குரலோ என்று ஐயுறுவதாக எழுதியவர். அவரே பிற்காலத்தில் பெரிய படத்துக்கு 6, நடுத்தரத்துக்கு 4, சிறியதற்கு 2 தேல் (சீன எடை அளவு) வெள்ளி என்று விலைப்பட்டியல் எழுதிவைத்தார். இதனால் அவர் மூங்கில் குறைந்துபோகவில்லை. ஆண்கள் மட்டும் என்பதும் இல்லை: ஜாவ் மெங்ஃபூவின் மனைவி குவான் தாவ்ஷெங் (1262–1319) மூங்கிலுக்குப் பெயர்பெற்றவர்.

இனி, அச்சிடும்போது செய்யக்கூடியவை. படத்தைத் தாளின் நான்கு ஓரமும் தெரிய முழுதாகப் போடுங்கள். நெருக்கமாகக் காட்ட விரும்பினால் முழுப்படத்துக்குப் பக்கத்தில் ஒரு கணுவையோ ஓர் இலையையோ தனித் துண்டாகத் தாருங்கள், அது வாசகருக்கு மிகவும் உதவும். தாளின் பழுப்பை வெளுக்க வேண்டாம். அதைத் தொட்டால் வெளிர் மை முழுவதும் போய்விடும். படக்குறிப்பில் வரைந்தவர், ஆண்டு, தாளா பட்டுத்துணியா, அளவு செ.மீ.இல், இன்று எங்கே இருக்கிறது என்ற ஐந்தும் இரண்டு வரியில் அடங்கும். மேலே உள்ள எழுத்து என்ன சொல்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. கைச்சுருளை ஒரே பட்டையாகச் சுருக்காதீர்கள். ஹுவாங் குங்வாங்கின் பெருந்துண்டை 33 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் உயரம் 2 செ.மீ. கூட வராது. வலமிருந்து இடமாக, ஒரு கை விரித்த அளவு விரித்து, பார்த்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே போவதுதான் அதைப் பார்க்கும் முறை. அந்த வரிசையிலேயே நான்கைந்து துண்டுகளாக ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடலாம். பக்க அமைப்புக்காகப் படத்தை இடவலமாகத் திருப்புவதும் கூடாது. திருப்பினால் எழுத்தும் முத்திரையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிவிடும். வலக்கையால் இழுத்த கோடுகள் இடக்கையால் இழுத்தவைபோல் தெரியும். திருப்பியதைச் சரிபார்க்கவும் ஓர் எளிய வழி உண்டு: ஓவியரின் குறிப்பு வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் முடியும், அவருடைய முத்திரை வழக்கமாகக் கடைசி வரியின் அடியில் இருக்கும்.

அன்புடன்,
தங்கள் வாசகர்